விழித்திரை நோய்களும் சிகிச்சை முறைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்வியைக் கண்ணென்று கூறுவது தமிழ் மரபு. அந்தக் கண்ணை நம் மக்களுக்குத் திறந்து வைக்கும் பணியில் இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துள்ளது. எழுத்து மறுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து இன்று ஆசிரியர்களும் செவிலியர்களும் வழக்கறிஞர்களும் எழுந்து நிற்கின்றனர். இந்நன்னாளில் முகத்திலுள்ள கண்ணைப் பற்றியும் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்துள்ளனர். கல்வி விழாவில் கண் நோய் எதற்கு என்று எவரேனும் எண்ணக்கூடும். அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்தை நாற்பது, ஐம்பது வயதில் படிக்க இயலாமற் போவது எத்தகைய இழப்பு என்பதனை எண்ணிப் பார்த்தால் அவ்வையம் நீங்கிவிடும்.

1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தவர் டாக்டர் அம்பேத்கர். வாழ்நாளெல்லாம் நூல்களுக்கிடையே வாழ்ந்த அப்பெருமகனை இறுதி ஆண்டுகளில் நீரிழிவு வாட்டியது; பார்வையும் மங்கியது. அந்நிலையிலும் புத்தரையும் அவர்தம் தம்மத்தையும் பற்றிய பெருநூலை எழுதி முடித்த பின்னரே 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். இன்று மருத்துவத்தின் கையில் இருக்கும் கருவிகள் பலவும் அன்று இருக்கவில்லை. இன்றோ அவை இருக்கின்றன. ஆயினும் அவை நம் தெருக்களில் வாழ்வோரின் கண்களை உரிய காலத்தில் வந்தடைகின்றனவா என்பதே நம் முன் நிற்கும் வினா.

திரையும் புரையும்

கண்ணின் முன்புறத்தில் வில்லை ஒன்று உண்டு. பின்புறச் சுவரில், உட்பக்கமாக, மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்துள்ளது. அதுவே விழித்திரை. வில்லை குவித்து அனுப்பும் ஒளியை வாங்கி, நரம்பின் வழியே மூளைக்குச் செய்தியாக அனுப்புவது இத்திரையின் தொழில். இதன் நடுவே சிறியதோர் இடம் உண்டு. அதனை மஞ்சள் புள்ளி என்பர். எழுத்துப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அச்சிறு புள்ளியால்தான்.

நம் மக்கள் நன்கு அறிந்த கண் நோய் கண்புரை. வில்லை வெளுத்து மங்கினால் அதனை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கின்றனர், பார்வை மீள்கின்றது. ஊர்தோறும் நடந்த இலவச முகாம்கள் இந்த அறிவைக் குடிசை வரை கொண்டு சேர்த்துள்ளன. அது பெரும் நன்மை. ஆனால் அதனோடு ஓர் எண்ணமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. “பார்வை குறையட்டும், புரை முற்றட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்பதே அவ்வெண்ணம். புரைக்குச் சில திங்கள் பொறுத்தாலும் போன பார்வை பெரும்பாலும் திரும்பும். திரைக்குப் பொறுத்தால் திரும்பாது. விழித்திரையை மாற்றி வைக்க வழியில்லை. கெட்டுப்போன அதன் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே விழித்திரைச் சிகிச்சை என்பது பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கும் சிகிச்சையே. இவ்வுரையில் நாம் கூறுவன அனைத்தும் இந்த ஒரு கருத்தின் விரிவே ஆகும்.

ஓசையின்றி வரும் நோய்

விழித்திரையைக் கெடுக்கும் நோய்களுள் நம் நாட்டில் பரவலாக அஞ்ச வேண்டுவது நீரிழிவினால் வருவது. சர்க்கரை வியாதி வசதி படைத்தோர் நோய் என்று ஒரு காலத்தில் கூறினர். அக்கூற்று இன்று பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் பதினைந்து மாநிலங்களில் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட சில வளர்ந்த மாநிலங்களின் நகர்ப்புறங்களில் வறியோரிடையேதான் நீரிழிவு மிகுதி என்று காட்டியது. 2023ஆம் ஆண்டில் வெளியான அதன் தொடர்ச்சி, நாட்டில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேல் என மதிப்பிட்டது. சென்னை நகரில் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுடையோரில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் விழித்திரையில் பாதிப்பு காணப்பட்டது.

இந்நோய் எவ்வாறு நிகழ்கின்றது? இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து பல்லாண்டு நீடிக்குமாயின், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலுவிழக்கின்றன. முதலில் அவை ஆங்காங்கே புடைத்துக் கசிகின்றன. கசிந்த நீர் மஞ்சள் புள்ளியில் தேங்கினால் அவ்விடம் வீங்கி எழுத்துக்கள் நெளிந்தும் மங்கியும் தெரியும். அடுத்த கட்டத்தில் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் பெறாத திரை, புதிய குழாய்களை வளர்க்குமாறு ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றது. அவ்வாறு முளைக்கும் குழாய்கள் நல்லவை அல்ல, எளிதில் உடைபவை. அவை உடைந்தால் கண்ணின் உட்புறத்தை நிரப்பியுள்ள தெளிந்த விழிக்கூழில் இரத்தம் பரவி, ஒரே நாளில் உலகம் இருண்டுவிடும். அக்குழாய்களோடு வளரும் தழும்பு சுருங்கித் திரையைச் சுவரிலிருந்து இழுத்துப் பிரித்தும் விடும்.

இங்கே கருத வேண்டுவது ஒன்றுண்டு. இத்தனையும் நடைபெறும்போது கண் வலிப்பதில்லை, சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. பல ஆண்டுகள் பார்வையும் குறைவதில்லை. கூலிக்குச் செல்வோர் வலி இருந்தாலே வேலையை விடுவதில்லை. வலியே இல்லாத நோய்க்காக ஒரு நாட்கூலியை எவ்வாறு விடுவர்? இதனை நாம் குற்றமாகக் கூறவில்லை. நோயின் இயல்பையும் நம் வாழ்வின் இயல்பையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றோம். இவ்விரண்டும் சேருமிடத்தில்தான் பார்வை பறிபோகின்றது.

ஆதலால், நீரிழிவு என்று அறிந்த அன்றே கண்ணைக் காட்ட வேண்டும். பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை, பார்வை நன்றாக இருந்தாலும், காட்ட வேண்டும். இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் வகையினர் நோய் தொடங்கிய ஐந்தாண்டுக்குள் முதற் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நீரிழிவுடைய பெண்கள் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே கண்ணைக் காட்டுதல் இன்றியமையாதது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது இப்பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, உள்ளே நோக்க வேண்டும். கண்ணுக்குள் நோக்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டிலேயே உலகுக்கு அளித்தார். இன்று சில இடங்களில் விழித்திரையைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கின்றனர். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று துணைக்கு ஒருவர் வேண்டும்; வண்டி ஓட்டலாகாது.

சிகிச்சை வழிகள்

முதற் சிகிச்சை கண்ணுக்கன்று, உடலுக்கே. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் வருவதும் வளர்வதும் பெரிதும் குறையும் என்பதனை அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டிலும் பிரிட்டனில் 1998ஆம் ஆண்டிலும் வெளியான பெரும் ஆய்வுகள் நிறுவின. இரத்தக் கொதிப்பையும் உடன் அடக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் கண்ணுக்கு மட்டும் சிகிச்சை செய்வது, மடை திறந்திருக்கத் தண்ணீரை இறைப்பது போன்றது.

இரண்டாவது லேசர். இதன் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கெராத் என்னும் கண் மருத்துவர், கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவரின் விழித்திரை சூரிய ஒளியால் சுடப்பட்டிருப்பதைக் கண்டார். கெடுக்கும் ஒளியை அளவோடு செலுத்தினால் அதுவே காக்குமன்றோ என்று சிந்தித்தார். 1940களின் இறுதியில் கண்ணாடிகள் வழியே சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்தார். பின்னர் மின்விளக்கும், 1960களில் லேசரும் அவ்விடத்தைப் பெற்றன. நீரிழிவு முற்றிய கண்களில் விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய சூடுகளை வைத்தால், கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகின்றது என்று 1976ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று மெய்ப்பித்தது.

லேசரைப் பற்றி நம்மவர் கூறும் குறை ஒன்றுண்டு. “செய்துகொண்டேன், பார்வை கூடவில்லையே” என்பர். லேசர் வைப்பது பார்வையைக் கூட்டுவதற்கன்று, குருடாகாமல் தடுப்பதற்கு. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் சிறிது குறையவும் கூடும். வீட்டின் நடுக்கூடத்தைக் காக்கத் தாழ்வாரத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது போன்றது அது. இதனை முன்னரே எடுத்துச் சொல்லாத இடத்தில்தான் நோயாளி மனம் வெறுத்து அடுத்த முறைக்கு வராமல் நின்றுவிடுகின்றார்.

மூன்றாவது கண்ணுக்குள் போடும் ஊசி. புதுக் குழாய்களை வளர்க்கும் புரதத்தை அடக்கும் மருந்து இதன் வழியே செலுத்தப்படுகின்றது. கண்ணில் ஊசி என்றதும் அஞ்சுவது இயல்பே. ஆனால் மரக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் தூய்மை செய்து, வெண்விழியின் வழியே மெல்லிய ஊசியால் நொடிப்பொழுதில் போட்டு முடிக்கின்றனர். மஞ்சள் புள்ளி வீக்கத்திற்கும், முதுமையில் வரும் ஈரவகைப் புள்ளிச் சிதைவிற்கும், விழித்திரைச் சிரை அடைப்பால் வரும் வீக்கத்திற்கும் இதுவே இன்று முதன்மையான மருத்துவம். இழந்த பார்வையில் ஒரு பகுதியை மீட்டுத் தரவும் இது வல்லது. ஆயினும் ஒரு முறையோடு முடிவதன்று. தொடக்கத்தில் மாதந்தோறும், பின்னர் நிலைமைக்கேற்ப இடைவெளி விட்டுப் பலமுறை போட வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி, சிவப்பு, பார்வைக் குறைவு தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கிருமி நுழைதல் அரிது, நுழைந்தால் கொடிது. சிலருக்கு ஸ்டீராய்டு வகை மருந்தையும் கண்ணுக்குள் செலுத்துவர். அதனால் கண்ணழுத்தம் கூடவும் புரை வளரவும் கூடும் என்பதனால் தொடர்ந்து கண்காணிப்பர்.

நான்காவது அறுவை. விழிக்கூழில் பரவிய இரத்தம் தானே வடியாதபோதும், தழும்பு திரையை இழுக்கும்போதும், அக்கூழை அகற்றித் திரையை விடுவிக்கின்றனர். மயாமி நகரில் ராபர்ட் மாக்கெமர் 1970ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த முறை இது. அதற்கு முன் அத்தகைய கண்களுக்குச் செய்ய ஏதுமில்லை என்று கைவிட்டனர்.

எவ்வழி யாருக்கு?

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் ஒரே விடை கூற இயலாது. மஞ்சள் புள்ளி வீங்கியிருந்தால் ஊசி சிறக்கும். ஓரத்தில் புதுக் குழாய்கள் முளைத்திருந்தால் லேசரும் உண்டு, ஊசியும் உண்டு. ஊசி லேசருக்குக் குறைந்ததன்று என 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. அது முறையாக வந்து போனவர்களின் கணக்கு. வர இயலாதவர் நிலை என்ன? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அதற்கு விடை தந்தது. சிகிச்சைக்குப் பின் ஆறு திங்களுக்கு மேல் வராமலிருந்து மீண்டும் வந்தவர்களை ஒப்பிட்டபோது, லேசர் பெற்றிருந்தவர்களின் கண்களைக் காட்டிலும் ஊசி மட்டும் பெற்றிருந்தவர்களின் கண்கள் மிகுதியாகக் கெட்டிருந்தன. திரை பிரிந்த கண்களும் அவர்களிடையே கூடுதலாக இருந்தன. காரணம் எளிது. மருந்தின் ஆற்றல் சில வாரங்களில் தீர்ந்துவிடும். லேசரின் பயன் நிலைத்து நிற்கும்.

அன்பர்களே, இந்த ஆய்வினை நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதுகின்றோம். அறுவடைக் காலத்தில் ஊரை விட்டு நகர முடியாதவர் உண்டு. ஆறு மாதம் செங்கல் சூளையில் தங்கி உழைப்பவர் உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, துணைக்கு வர ஆளில்லாத மூதாட்டியர் உண்டு. இவர்கள் தங்கள் வாழ்க்கை நிலையை மருத்துவரிடம் மறைக்காமற் கூற வேண்டும். “ஐயா, நான் மாதந்தோறும் வர முடியாது; ஒருமுறை செய்தால் நெடுநாள் நிற்கும் வழி எனக்கு உண்டா?” என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதனைக் கேட்டு அதற்கேற்பச் சிகிச்சையைத் தேர்வது மருத்துவரின் கடமை. கேள்வி கேட்டால் அதட்டுவரோ, தாழ்வாக எண்ணுவரோ என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக நம் நெஞ்சில் ஏற்றப்பட்டது. அது நாமாக வளர்த்துக் கொண்டதன்று. அதனை இறக்கி வைக்கக் கற்றுத் தருவதும் இக்கழகம் தரும் கல்வியின் ஒரு பகுதியே.

மருந்தும் விலையும்

ஊசி மருந்துகளுள் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் என்பன பெரிதும் வழங்குவன. இவற்றின் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. பெவாசிசுமாப் குடற்புற்று நோய்க்கென 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. கண் மருத்துவர்கள் அதனைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்தலாயினர். முதுமைப் புள்ளிச் சிதைவில் விலை மிக்க ரானிபிசுமாபுக்கு இது ஈடானது என்பதனை 2011ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஆய்வு காட்டியது. உலக நலவாழ்வு நிறுவனமும் 2013ஆம் ஆண்டில் இதனைக் கண்ணுக்குரிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நீரிழிவு வீக்கத்தில் பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு முதலாண்டில் அஃப்ளிபெர்செப்ட் மேலானது என்று 2015ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறிற்று. பார்வைக் குறைவு சிறிதாக இருந்தவர்களிடம் மூன்றும் ஏறத்தாழ ஒத்தே இருந்தன. மலிவான மருந்தைப் பிரிக்கும்போது தூய்மை கெடாமல் காப்பது முதன்மையானது. அதற்கு ஏற்பாடுள்ள இடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே விலை மிக்கது கிடைக்கவில்லை என்று சிகிச்சையையே கைவிடலாகாது. கழுத்துத் தாலியையும் காதுத் தோட்டையும் அடகு வைக்கும் முன்னர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடிப் பார்க்க வேண்டும். 1819ஆம் ஆண்டில் தொடங்கிய, சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் டாக்டர் பத்ரிநாத் 1978ஆம் ஆண்டில் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் விழித்திரை மருத்துவத்தில் பெயர் பெற்றவை. காப்பீட்டு அட்டை உடையோர், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதனை முன்னரே கேட்டு அறிதல் நன்று.

திரை கிழிந்தால்

நீரிழிவு இல்லாதவர்க்கும் வரும் ஆபத்து ஒன்றுண்டு. விழித்திரையில் சிறு கிழிசல் ஏற்பட்டு, அதன் வழியே நீர் புகுந்து, நனைந்த சுவரிலிருந்து சுவரொட்டி உரிவது போலத் திரை உரிந்து வரும். கிட்டப்பார்வை மிக்கோர், கண்ணில் அடிபட்டோர், புரை அறுவை செய்துகொண்டோர் இவர்களுக்கு இது வரும் வாய்ப்புக் கூடுதல். கல்லுடைப்போரும் பட்டறையில் உழைப்போரும் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறிகுறிகள் மூன்று: கண்ணுள் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனக் கொசுக் கூட்டம் போல் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரைச்சீலை இழுத்தாற்போல் மறைப்பு. இவற்றுள் எது தோன்றினும் அன்றே செல்ல வேண்டும். மஞ்சள் புள்ளி பிரியுமுன் சென்றால் நல்ல பார்வை காக்கப்படும். பிரிந்த பின் ஒவ்வொரு நாளும் இழப்பே.

கிழிசல் மட்டும் இருந்தால் லேசரோ கடுங்குளிர்ச் சிகிச்சையோ போதும். திரை உரிந்திருந்தால் அறுவை வேண்டும். இந்நோய் தீராதது என்று உலகம் கருதியிருந்த காலத்தில், கிழிசலை அடைத்தால் திரை ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனென். அது 1920ஆம் ஆண்டையொட்டிய செய்தி. இன்று கண்ணின் வெளிப்புறத்தில் சிலிகோன் பட்டை வைத்து அழுத்தும் முறையும், விழிக்கூழை அகற்றி வாயுவையோ சிலிகோன் எண்ணெயையோ நிரப்பும் முறையும் உண்டு. சிலருக்கு வாயுக் குமிழி மட்டும் செலுத்தி ஒட்டச் செய்வர்.

இங்கும் வாழ்க்கை நிலை குறுக்கிடுகின்றது. வாயு நிரப்பியோர் மருத்துவர் சொன்னபடி சில நாட்கள் தலையைக் குறிப்பிட்ட நிலையில் வைத்திருத்தல் வேண்டும். உயரமான இடத்திற்குச் சென்றால் வாயு விரிந்து கண்ணழுத்தம் ஏறிப் பார்வையே போகும். ஆகவே நீலகிரி, வால்பாறை போன்ற மலைத் தோட்டங்களிலிருந்து வருவோர், வீடு எங்கே என்பதை அறுவைக்கு முன்னரே கூற வேண்டும். எண்ணெய் நிரப்பியோர் அதனை அகற்ற மீண்டும் வர வேண்டும். “தெரிகிறதே, இனி எதற்கு” என்று இருந்துவிட்டால் அவ்வெண்ணெயே பின்னர்க் கேடாகலாம்.

குறைமாதக் குழந்தைகள்

தாய்மார்கள் இப்பகுதியைக் கருத்தோடு கேட்க வேண்டுகின்றோம். கரு முப்பத்து நான்கு வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைக்கும் விழித்திரைக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அவை பிறந்த பின் தாறுமாறாக வளர்ந்து திரையைப் பிரித்துவிடக் கூடும். பார்ப்பதற்குக் கண் பழுதற்றே இருக்கும். எனவே பிறந்த முப்பது நாட்களுக்குள், மிகச் சிறிய குழந்தையானால் இரண்டு மூன்று வாரத்திலேயே, விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். உரிய வேளையில் லேசரோ ஊசியோ செய்தால் வாழ்நாள் முழுவதற்கும் பார்வை காக்கப்படும். அந்தச் சில வாரங்கள் கடந்தால் மீட்பது அரிது. பேறுகாலத் தீட்டென்றும், குழந்தையை வெளியே எடுக்கலாகாது என்றும் கூறி இந்நாட்களைப் போக்கலாகாது.

பிற நோய்களுள் ஒன்றை மட்டும் குறிப்போம். இளமையில் இரவுப் பார்வை குன்றி, பின் சுற்றுப் பார்வை சுருங்கிக் கொண்டே வரும் மரபு நோய் ஒன்றுண்டு. நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தகைய நோய் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி. ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைக்கு மட்டும் 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மரபணு மருத்துவம் ஒப்புதல் பெற்றது. ஏனைய வகைகளுக்குப் பொதுவான தீர்வு இல்லை. ஆதலின் முழுக் குணம் தருவதாக விளம்பரம் செய்வோரிடம் பொருளை இழக்க வேண்டா.

ஒளி குன்றிய பின்னும்

சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்குப் பார்வை மீளாது. அவர்களை மூலையில் அமர்த்திவிடுவது முறையன்று. உருப்பெருக்கிகள், பிரெய்ல் எழுத்து, எழுத்தை ஒலியாக மாற்றிப் படித்துக்காட்டும் கணினி ஆகியவை உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வியிலும் அரசுப் பணியிலும் அவர்களுக்கு இடஒதுக்கீடு வழங்குகின்றது. அதற்குரிய சான்றிதழைப் பெற்றுத் தருவது படித்த பிள்ளைகளின் பொறுப்பு. பார்வை குன்றிய மாணவர் எவரும் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் காப்பது கழகத்தின் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டுவன

இறுதியாக, வெள்ளி விழா ஆண்டில் இக்கழகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு தெருவிலும் நீரிழிவுடையோர் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அவர் கண்ணைக் காட்டிய நாளை எதிரே குறிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வந்தது. மருந்து பெறும் கையே கண்ணையும் காட்டியதா என்று கேட்க நம் மாணவர்கள் செல்லட்டும்.

இரண்டாவது, துணைக்கு வர ஆளில்லாதவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இளைஞர் அணி ஒன்று அமைய வேண்டும். சிகிச்சை பாதியில் நிற்பது பலவேளை மருந்தில்லாததால் அன்று, கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லாததால்.

மூன்றாவது, வறிய குடும்பங்களின் போக்குவரத்துச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாகச் சிறு நிதி ஒன்றைக் கழகம் ஏற்படுத்த வேண்டும். படித்து வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் ஒரு நாள் ஊதியத்தை இதற்கு அளித்தால் அது பெருந்தொகையாகும்.

நான்காவது, மருத்துவமனைச் சீட்டைப் படித்துக் காட்டும் பணியை நம் பள்ளி மாணவர் ஏற்க வேண்டும். அடுத்து வர வேண்டிய நாள், போட்ட மருந்தின் பெயர், எந்தக் கண் என்னும் மூன்றையும் வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல ஒரு மாணவரால் இயலும். பாட்டியின் சீட்டைப் பேத்தி படித்து, அதனால் பாட்டியின் கண் பிழைக்குமாயின், இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணிக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.

பார்வை நன்றாக இருக்கும்போதே பாருங்கள். கேட்க வேண்டியதைத் தலைநிமிர்ந்து கேளுங்கள். தொடங்கிய சிகிச்சையை இடையில் விடாதீர்கள்.